பெத்தம்மாவின் பாட்டும் கீபோட்டின் காந்தாரமும்: இசைக்கோட்பாடு எதை விளக்குகிறது?

களுவாஞ்சிகுடியில் பஜனைக் குழுவொன்றில் கீபோட் வாசிக்கும் ஓர் இளைஞர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பெத்தம்மா (பாட்டி), கண்ணகி அம்மனின் வைகாசிச் சடங்குக் காலத்தில் வீட்டிலிருந்து பாடும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாட்டொன்றைக் கைத்தொலைபேசியில் பதிந்து, அதற்குக் கீபோட்டில் பின்னணி அமைக்க முயன்றிருக்கிறார். எந்தக் கட்டையில் தொடங்கினாலும் ஒட்டவில்லை. பெத்தம்மாவின் சுருதி பிசகு என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். முதலில் இசைக்கோட்பாட்டைப் படி என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். அவருடைய பெத்தப்பாவோ ஒரு சுரத்தின் பெயரும் அறியாமல் ஆண்டுக்கணக்கில் மத்தளம் அடித்துக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். இசைக்கோட்பாடு என்பது என்ன, அது எதை விளக்கும், அது இல்லாமலே பெத்தப்பா எப்படி நடத்தினார் என்பவையே அவருடைய கேள்விகள்.

தம்பி, நீங்கள் அனுப்பிய ஒலிப்பதிவைப் பல தடவை கேட்டேன். உங்கள் பெத்தம்மாவின் சுருதி பிசகவில்லை. முதலடியில் எந்த ஆதார சுருதியை, அதாவது பாட்டு ஊன்றி நிற்கும் அடிப்படை ஒலியை, எடுத்தாரோ, பக்கத்தில் எந்த வாத்தியத்தின் துணையும் இல்லாமல், கடைசி அடியில் அதே சுருதியில் வந்து இறங்குகிறார். அவருடைய பாட்டு ஏன் கீபோட்டோடு ஒட்டவில்லை என்பதற்கு மூன்று நான்கு காரணங்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாலே இசைக்கோட்பாடு என்பது என்ன என்ற கேள்விக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஒலிகள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவைக் காதால் கேட்டு உணர்ந்தவர்கள், அந்த உறவுகளுக்குப் பெயரிட்டு, அவற்றுள் ஓர் ஒழுங்கைக் கண்டு சொன்ன அறிவே இசைக்கோட்பாடு. இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். பாட்டு முந்தியது, கோட்பாடு பிந்தியது. ஆகையால் கோட்பாட்டுக்குள் அடங்காத பாட்டைக் கேட்கும்போது, குறை பாட்டில் இருக்கிறதா, நாம் கையில் எடுத்த கோட்பாட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒலியைப் பற்றிய எல்லா அறிவும் இசைக்கோட்பாடு ஆகிவிடாது. கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் இறக்கி, அதன் மேல்முனையில் காதை வைத்துக் கேட்பது எங்கள் ஊரின் பழைய வழக்கம். அங்கே கேட்கும் ஒலியை எழுப்புவது மீனா, ஊரி என்னும் நத்தையினமா என்பது உயிரியலுக்கு உரிய கேள்வி. நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்கிறது, அதாவது காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்கிறது என்பது பௌதிகவியலுக்கு உரிய செய்தி. அந்த ஒலிகளில் ஒன்றைக் குரல் என்னும் அடிப்படைச் சுரமாகக் கொண்டால் மற்றொன்று அதற்கு இளி என்னும் ஐந்தாம் சுரமாக நிற்கிறதா, அவை அடுத்தடுத்து வரும்போது நம் காது எதை அடித்தளமாகக் கொள்கிறது, எதை முடிவென்று ஏற்கிறது என்று கேட்கத் தொடங்கும் இடத்திலேதான் இசைக்கோட்பாடு தொடங்குகிறது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் சுரமானிக் கம்பியை நினைவில் கொண்டுவரலாம். இழுவை மாறாதிருக்க, கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன், அதாவது செக்கனுக்கு எழும் அதிர்வுகளின் எண்ணிக்கை, இரட்டிப்பாகும். அது மேல்ஸ்தாயி சட்சம் (ச). மூன்றில் இரண்டு பங்காக்கினால் மீடிறன் ஒன்றரை மடங்காகும், அது பஞ்சமம் (ப). ஐந்தில் நான்கு பங்காக்கினால் ஒன்றேகால் மடங்காகும்; அது அந்தர காந்தாரம் (க). கணக்கு இலகுவாக இருக்கட்டும் என்று சட்சத்தைச் செக்கனுக்கு 240 அதிர்வுகள் என வைத்துக்கொள்வோம். அப்போது அந்தர காந்தாரம் 300, பஞ்சமம் 360, மேல் சட்சம் 480.

இந்த எண்கள் ஏன் காதுக்கு இனிமையாகின்றன? எந்தக் கம்பியும் எந்தக் குரலும் தன் அடிப்படை அதிர்வை மட்டும் எழுப்புவதில்லை. 240 என்று ஒலிக்கும் கம்பி 480, 720, 960, 1200 என்று மேற்றொனிகளையும் சேர்த்தே எழுப்புகிறது. 360இல் ஒலிக்கும் பஞ்சமத்தின் முதல் மேற்றொனி 720. ஆகவே சட்சமும் பஞ்சமமும் 720இல் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. சட்சமும் காந்தாரமும் 1200இல் சந்திக்கின்றன. இந்தச் சந்திப்பைத்தான் நாம் 'சேருகிறது' என்று சொல்கிறோம்.

இதைத் தம்புராவில் நேரே கேட்கலாம். நடுவிலுள்ள இரண்டு சாரணைத் தந்திகளும் ஒரே சுருதியில் நிற்க வேண்டியவை. ஒன்று 240இலும் மற்றது 242இலும் இருந்தால், இரண்டையும் சேர்த்து மீட்டும்போது ஒலி செக்கனுக்கு இரண்டு தடவை எழுந்தெழுந்து தணியும். பள்ளிக்கூடத்தில் இதையே அடிப்புகள் என்று படித்திருப்பீர்கள். பிரடையை மிகச் சிறிதாகத் திருகும்போது அந்த அலை நீளும். செக்கனுக்கு ஒன்றாகும், பிறகு மூன்று செக்கனுக்கு ஒன்றாகும், பிறகு மறைந்துபோய் இரண்டு தந்திகளும் ஒரு தந்தியாக ஒலிக்கும். ஒரு பிள்ளைக்குச் சுருதி என்றால் என்னவென்று விளங்கவைக்க இதைவிடச் சிறந்த பாடம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

இனிக் கீபோட்டுக்கு வருவோம். ஒரு சட்சத்திலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்தைச் சட்சமாகக் கொண்டு அதற்கொரு பஞ்சமம் என்று பன்னிரண்டு தடவை ஏறினால், ஏழு ஸ்தாயி உயரத்தில் தொடங்கிய சுரத்துக்கே திரும்பிவர வேண்டும் என்று காது எதிர்பார்க்கும். கணக்கு அப்படி வருவதில்லை. ஒன்றரையைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் ஏறத்தாழ 129.75, இரண்டை ஏழு தடவை பெருக்கினால் 128. இந்தச் சிறு மிச்சத்தை எந்தக் கைவினைஞராலும் அழிக்க முடியாது, எங்காவது ஒளித்துத்தான் வைக்கலாம். எந்தச் சுரத்திலும் தொடங்கி வாசிக்க வசதியாக, கீபோட்டில் அதைப் பன்னிரண்டு கட்டைகளுக்கும் சமமாகப் பங்கிட்டு, ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு ஏறத்தாழ 1.0595 மடங்கு என்று வைத்திருக்கிறார்கள். இதனால் 240க்குரிய பஞ்சமம் 359.6 ஆகிறது. அந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் காந்தாரம் 300க்குப் பதிலாக 302.4 ஆகிறது. அதன் மேற்றொனி 1200ஐத் தொடாமல் 1209.5இல் நிற்க, செக்கனுக்கு ஒன்பது, பத்து அடிப்புகள் எழுகின்றன. கீபோட்டில் சட்சத்தையும் காந்தாரத்தையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும்போது கேட்கும் மெல்லிய நடுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் பெத்தம்மா காந்தாரத்தைக் கட்டையிலிருந்து கற்றவர் அல்லர். அவர் கோயில் வாசலில் நின்று கேட்டு, கேட்டதைத் தன் காதின் தராசில் நிறுத்துப் பாடுகிறார். அதனால் அவருடைய காந்தாரம் உங்கள் கட்டையைவிடச் சற்றுத் தாழ்ந்து, தூய காந்தாரத்தை அண்டி நிற்கிறது. போதாதற்கு அவர் எடுத்த ஆதார சுருதியும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. 440 அதிர்வுகளை அடிப்படையாகக் கொண்டு வாத்தியங்களைச் சுருதி கூட்டுவது 1939இல் இலண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிப்பதற்கு அது தேவை. தனியே பாடும் தொண்டைக்கு அந்தத் தேவை இல்லை.

இதை நான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு பாடசாலைப் போட்டிக்காகப் படுவான்கரையிலிருந்து வந்த ஒரு மாணவியை ஆர்மோனியத்துக்குப் பாடவைத்து, அவளுடைய காந்தாரம் இறக்கம் என்று மூன்று நாள் திருத்தினேன். நான்காம் நாள் அவள் வரவில்லை. ஆர்மோனியத்தின் காந்தாரம் ஏன் ஏற்றமாக இருக்கிறது என்ற கணக்கை நான் பிறகுதான் படித்தேன். அந்தப் பிள்ளையின் காது என் காதைவிடச் சுத்தமாக இருந்தது என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

இவ்வளவும் மேலைநாட்டார் கண்டு சொன்னவை என்று எண்ண வேண்டாம். ஏழு சுரங்களுக்குத் தமிழில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். சிலப்பதிகார உரைகளில் இச்சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறை சொல்லப்படுகிறது. தாரத்தில் உழை தோன்றும், உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை தோன்றும் என்பது அந்த முறை. இந்த வரிசையை இன்றைய சுரங்களாக மாற்றி எழுதிப் பாருங்கள். நி, ம, ச, ப, ரி, த, க. ஒவ்வொன்றும் தனக்கு முன்னதன் பஞ்சமம். பஞ்சமச் சுழற்சி என்று இன்று நாம் படிப்பதையே, இளிமுறை என்ற பெயரில் யாழ்த்தந்திகளைக் கூட்டுவதற்கான செய்முறையாகவே அவர்கள் வைத்திருந்தார்கள். இவ்வாறு கூட்டினால் கிடைக்கும் செம்பாலை என்னும் பழைய சுரவரிசை இன்றைய அரிகாம்போதி இராகம் என்று கொள்வது விபுலாநந்த அடிகளின் முடிவு.

அடிகள் 1892இல் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானம் கற்றவர், கற்பித்தவர். ஓசையின் கணக்கைத் தெரிந்துகொண்டு பழைய நூற்பாக்களுக்குள் நுழைந்ததனால்தான், உரையாசிரியர்கள் சொற்களாக விட்டுச்சென்றவற்றை அவரால் அலகுகளாகவும் நரம்புகளாகவும் மீட்டெடுக்க முடிந்தது. கண்ணாற் காண ஒரு யாழ்கூட எஞ்சாத காலத்தில் அந்த யாழின் சுருதியை எண்ணால் எழுப்பிக் காட்டிய அவருடைய யாழ் நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அழிந்துபோன ஒரு வாத்தியத்தின் ஒலியை மீட்க உதவியதைப் பார்க்கும்போது, இசைக்கோட்பாடு எதற்கு உதவும் என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடப் பெரிய விடை எனக்குத் தெரியவில்லை. அதைச் செய்தவர் நம் கரையோரத்து மனிதர் என்பது எனக்கு எப்போதும் நெஞ்சை நிறைக்கும் செய்தி.

அடிப்படைச் சுரத்தை மாற்றி வேறு பண்ணைப் பெறுவதை, பழந்தமிழர் பண்ணுப்பெயர்த்தல் என்று சொன்னதை, உங்கள் கீபோட்டிலேயே ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். வெள்ளைக் கட்டைகளைத் தொடவே வேண்டாம். அடுத்தடுத்து மூன்றாக நிற்கும் கறுப்புக் கட்டைகளில் முதலாவதைச் சட்சமாகக் கொண்டு ஐந்து கறுப்புக் கட்டைகளையும் வாசித்தால் மோகனம் வரும். அதே கட்டைகளை, அடுத்த கறுப்பைச் சட்சமாகக் கொண்டு வாசித்தால் மத்தியமாவதி. அதற்கும் அடுத்ததிலிருந்து இந்தோளம். பிறகு சுத்த சாவேரி, பிறகு சுத்த தன்யாசி. ஒரு கட்டையும் மாறவில்லை. எதை வீடாகக் கொள்கிறோம் என்பது மட்டுமே மாறியது. மோகனத்தின் மலர்ச்சியும் இந்தோளத்தின் கனமும் அந்த ஒரே மாற்றத்திலிருந்து பிறக்கின்றன. இதை முதன்முதலில் கேட்ட மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றிரவு நெடுநேரம் நான் அந்த ஐந்து கட்டைகளை விட்டு எழவில்லை.

ஆனால் சுரவரிசை தெரிந்ததும் இராகம் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகணமும் அவரோகணமும் ஒன்றே. ஆயினும் ஆரபியை விறுவிறுப்பாகவும் நேராகவும் பாடுகிறோம். தேவகாந்தாரியை நின்று, நீட்டி, அசைத்துப் பாடுகிறோம். சட்டகத்தைக் கோட்பாடு எழுதிக் காட்டும், சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைக் குருவின் தொண்டைதான் காட்டும்.

அண்ணாவியாராகிய உங்கள் பெத்தப்பாவின் செய்திக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். களரியில் அவர் மத்தளத்தோடு நிற்க, பக்கத்தில் சல்லாரி என்னும் கைத்தாளம் ஒலிக்க, ஒரு பாத்திரத்தின் வரவுக்குத் தாளக்கட்டை அவர் வாயாற் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொற்கள் வெறும் ஓசைகள் அல்ல. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து, தகிட தகதிமி என்றால் ஏழு. எண்ணைச் சொல்லாமலே எண்ணை நாவிலும் காலிலும் ஏற்றிவிடும் ஏற்பாடு அது. சுரத்தின் பெயர் தெரியாதவர் என்று நீங்கள் எழுதிய அவர், தாளத்தின் கணக்கை ஏட்டில் அல்லாமல் வாயில் வைத்திருந்தவர். அதுவும் இசைக்கோட்பாடுதான்.

ஒரு தீர்மானத்தை, அதாவது ஒரு சொற்கட்டை மூன்று தடவை சொல்லி முடிக்கும் தாள முடிப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக முப்பத்திரண்டு மாத்திரை கொண்ட ஓர் ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றில்), ஏழு மாத்திரைச் சொற்கட்டு ஒன்றை மூன்று தடவை சொல்லி, இடையிடையே இரண்டு மாத்திரை விட்டு முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூவேழு இருபத்தொன்று, இடைவெளி இரண்டுக்கு நான்கு, மொத்தம் இருபத்தைந்து. ஆகவே ஏழு மாத்திரை கழிந்த பிறகு தொடங்கினால் அது நிறைய, அடுத்த ஆவர்த்தனத்தின் முதலடியில் ஆடுபவரின் கால் தரையில் விழும். கடதாசியில் இதைக் கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம் வேண்டும். நல்ல அண்ணாவியாருக்கு அது மூச்சுவிடுவது போன்றது. அவர் கை முன்னதாகவோ பிந்தியோ விழுந்ததில்லை என்றால், அந்தக் கணக்கு அவருக்குள் இருக்கிறது என்பதே பொருள். அந்தக் கை முதுமையில் ஓய்ந்த பிறகு, அதைக் காணாத ஒரு பிள்ளைக்கு அதே தீர்மானத்தைக் கொண்டுசேர்க்க வேண்டிய நேரத்தில், எழுத்தில் வைத்த கோட்பாட்டின் தேவை தெரியவரும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்ததும், பிறகு பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து எழுதியதும் இந்த இடத்தில் நினைக்க வேண்டியவை. எந்த ஆட்டத்தைக் குறைத்தால் உயிர் போகாது, எந்தத் தருவை, அதாவது தாளத்தோடு பாடும் பாட்டை, வெட்டினால் கதை முறியும் என்று தீர்மானிக்க, கூத்தின் இரு வகைகளாகிய வடமோடியும் தென்மோடியும் எவ்வாறு கட்டப்பட்டிருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். விருத்தம் தாளத்துக்குக் கட்டுப்படாமல் போகும். அது முடிந்து தரு எடுக்கும்போது மத்தளம் விழும். அந்த எதிர்பார்ப்பும் விடுவிப்பும் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று காட்டுவதும் இசைக்கோட்பாட்டின் வேலைதான்.

இனி உங்கள் ஒலிப்பதிவு ஒட்டாததற்கு மிஞ்சிய இரண்டு காரணங்கள். முதலாவது தாளம். பின்னணியில் ஓடும் தானியங்கித் தாளம் நான்கு நான்காக எண்ணுகிறது. பெத்தம்மா அந்த அடிகளை மூன்றும் நான்குமாகச் சேர்ந்த ஏழில் பாடுகிறார். அடியின் ஈற்றில் மூச்சுக்கேற்பச் சற்று நீட்டவும் செய்கிறார். இரண்டாம் அடியிலேயே கருவி ஒரு திசையிலும் பாட்டு ஒரு திசையிலும் போய்விடுகின்றன. இரண்டாவது, நீங்கள் இடது கையால் பிடிக்கும் கோட்ஸ். பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி, ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு நகர்வதால் உணர்வை வளர்ப்பது ஐரோப்பிய இசையின் அழகு. அந்த இசையை விளக்க எழுந்த கோட்பாடும் மிக ஆழமானது. ஆனால் குளிர்த்திப் பாட்டு ஒரே ஆதார சுருதியில் ஊன்றி நின்று, அதே அடியைத் திரும்பத் திரும்பச் சுற்றி வருவதால் மனத்தைத் தணிப்பது. அதன் அடியில் கோட்ஸ் மாறும்போதெல்லாம், நிலத்தில் ஊன்றி நின்று பாடுபவரின் காலடியில் நிலத்தை இழுப்பது போலாகிவிடுகிறது.

ஆகவே அடுத்த தடவை இப்படிச் செய்து பாருங்கள். தானியங்கித் தாளத்தை நிறுத்துங்கள். பெத்தம்மாவை முதலில் பாடவிட்டு, அவர் எடுத்த ஆதார சுருதியைக் காதால் பிடித்து, கீபோட்டில் சுருதியைச் சிறிதாக ஏற்றி இறக்கும் வசதியைக் கொண்டு அவருடைய இடத்துக்கு உங்கள் வாத்தியத்தைக் கொண்டுபோங்கள். அடிப்புகள் நீண்டு மறையும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் மெல்லிதாகப் பிடித்து வையுங்கள், காந்தாரத்தைத் தொட வேண்டாம். பெத்தப்பாவுக்கு உட்கார முடியுமென்றால் மத்தளத்தைக் கொடுத்து, பாட்டு எத்தனை எண்ணிக்கையில் ஓடுகிறது என்பதை அவருடைய வாயிலிருந்தே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் புதிய ஒலிப்பதிவையும் எடுத்துக்கொண்டு ஒரு பின்னேரம் கல்லடிப் பக்கம் வாருங்கள். குளிர்த்திப் பாட்டின் சுரங்களை இருவருமாக எழுதத் தொடங்குவோம்.